லெட்டூஸ் கீரைக்கு நான் ஊற்றாத தண்ணீர்

பெரக்கரை நாடு, கொல்லிமலை
1960 மாசி மாதம், செம்மேட்டுச் சந்தைக்கு முந்தின நாள்

என் கண்ணு நல்லமுத்துவுக்குச் சித்தப்பன் சென்றாயன் எழுதுவது. நீ அம்பாலா பட்டாளத்தில் குளிரில் விறைக்காமலும் மேலதிகாரியிடம் வாய் கொடுக்காமலும் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் இங்கே காலையில் எழுந்திருக்கிறோம். நான், உன் சின்னம்மா இருசாயி, எருமை மூவரும் சுகம், அதில் எருமைதான் கொஞ்சம் அதிகச் சுகம், கன்று ஈன்றுவிட்டு ராணி மாதிரி படுத்திருக்கிறது. இனி விசயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்து படி, நின்றுகொண்டு படித்தால் சந்தோசத்தில் விழுந்துவிடுவாய். நம்ம ஊருக்குத் தண்ணீர்த் தொட்டி வருகிறது சாமி. சிமெண்டுத் தொட்டி, மேல்காட்டு ஊத்திலிருந்து இரும்புக் குழாய், திருகினால் கொட்டுகிற பித்தளைக் குழாய்வாய், அதுவும் நம்ம ஊட்டு வாசலுக்கு நேர் எதிரே. இது இப்படித்தான் நடக்கும், இன்ன வழியில்தான் வரும், இன்னார்தான் தடுப்பார், கடைசியில் அவரே கொடுப்பார் என்று ஐப்பசி மழையிலேயே நான் சொல்லிவிட்டேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்காதே, எருமையிடம் சொன்னாலும் சொன்னது சொன்னதுதான்.

போன காயிதத்தில் சின்னம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று நாலு வரி கேட்டுவிட்டு, சித்தப்பா நீங்க சும்மாதானே இருக்கீங்க ஊத்துக்கு நீங்க போனா என்னாங்க என்று எட்டு வரி என்னைக் கேட்டிருந்தாய். கண்ணு, நான் போகவில்லை என்று உனக்கு யார் சொன்னது. தீபாவளி கழிந்து அவளுக்குக் கால் வீங்கியபோது நானே குடத்தைத் தூக்கினேன், பாதி ஏற்றத்தில் குடம் தானாக உடைந்துவிட்டது, மண் குடத்தை இப்போதெல்லாம் சரியாகச் சுடுவதில்லை. அதற்குப் பிறகு அவளே என்னை விடவில்லை. உனக்குத் தெரியாததா, பள்ளத்து ஊத்து எங்கே நம்ம ஊடு எங்கே, இறங்கும்போது காலி குடத்தோடு பாட்டுப் பாடிக்கொண்டு போகிறவர்கள் ஏறும்போது பேச்சே இல்லாமல் வருகிறார்கள். உன் சின்னம்மா இப்போது ஏற்றத்து நடுவில் இருக்கும் சப்பைப் பாறையில் குடத்தை இறக்கி வைத்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டுத்தான் மிச்ச வழி ஏறுகிறாள். வைத்தியர் தழை அரைத்துக் கட்டினார், கட்டிவிட்டு இனிமே சுமையோட மேடு ஏறக்கூடாதும்மா என்று சொன்னார், சொன்னவர் ஊட்டிலும் அவர் பொஞ்சாதிதான் சுமையோடு மேடு ஏறுகிறாள். ஆகவே தொட்டி என்றால் உன் சின்னம்மாவின் முழங்கால், அதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படி.

கார்த்திகை மாசத்தில் சேலத்துப் பக்கமிருந்து விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர், அதாவது புதுப் பயிர் போட்டுக் காட்ட வைக்கிற சர்க்கார் ஆள், ஒருவர் வந்தார், பெயர் அர்த்தனாரி, வயசு உன்னைவிட ரெண்டு கூட இருக்கும். முள்ளுக்குறிச்சி வரைக்கும் பஸ்ஸில் வந்து அங்கிருந்து பூட்ஸ் காலோடு நடந்து ஏறினார், மேலே வந்து பூட்ஸைக் கழற்றினால் உள்ளே அட்டைகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. நான்தான் சுண்ணாம்பு தடவி எடுத்துவிட்டேன், அப்போதே அவருக்கு என்மேல் ஒரு மரியாதை விழுந்துவிட்டது. அவர் ஊரைக் கூட்டிச் சொன்னது இதுதான். இந்த மலைக் குளுமைக்கு இங்கிலீஷ் காய்கறி நன்றாக வரும், சாமையும் குச்சிக்கிழங்கும் மட்டும் போட்டால் போதாது, லெட்டூஸ் என்று ஒரு கீரை கொண்டுவந்திருக்கிறேன், ஏற்காட்டு ஓட்டலிலும் சேலத்து ஓட்டலிலும் கேட்கிறார்கள், அதற்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று இந்த மலையில் யாருக்கும் தெரியாது, பார்க்க வேண்டும். நம்ம ஊரில் ஒருவர், எதிர்மேட்டு ஊரில் ஒருவர், ரெண்டு பேர் போட்டுக் காட்டுங்கள், எங்கே தண்ணீர் விட்டால் பயிர் நன்றாகப் பலன் தருகிறது என்று தெரிகிறதோ அந்த ஊருக்கு இந்த வருசம் ஒரு தொட்டி கட்ட மேலே எழுதுகிறேன், ஒன்றுதான் உண்டு, அடுத்தது எப்போது என்று எனக்கே தெரியாது. எதிர்மேட்டிலிருந்து யார் எழுந்திருப்பார், சின்னக்கண்ணுதான், முதல் வரிசையில் அதற்காகவே வந்து உட்கார்ந்திருந்தான். நம்ம ஊரில் யார் என்று ஊர்க்கவுண்டர் கேட்டபோது எல்லாரும் ஒரே வாயாக என் பேரைச் சொன்னார்கள். உன் சின்னம்மாவைக் கேட்டால் நான் முந்திக்கொண்டு கையைத் தூக்கினேன் என்பாள், அது கூட்டத்தில் கொசு ஓட்டியது.

விதை மூணு தினுசு. ஒவ்வொன்றுக்கும் வாயில் நுழையாத ஒரு பேர் வைத்திருந்தார், நான் கேட்டுவிட்டு அதையெல்லாம் இறக்கி வையுங்க அய்யா என்று சொல்லி மூணுக்கும் நல்ல பேர் வைத்தேன். கோசு மாதிரி உள்ளே சுருண்டு கட்டுகிறது உருண்டை. தாழம்பூ மாதிரி நிமிர்ந்து நிற்பது நெட்டை. இலையெல்லாம் விரிந்து ஓரம் நெளி நெளியாக இருப்பது சுருட்டை. இப்போது அவரே ஆபீசில் அந்தப் பேரைத்தான் சொல்கிறாராம். இதை எப்படிச் சமைப்பது என்று உன் சின்னம்மா கேட்டாள். சமைக்க வேண்டாம்மா, கழுவிப் பச்சையாகவே தின்பார்கள் என்று அர்த்தனாரி அய்யா சொன்னார். அவள், ஏனுங்க சாமி, அவ்வளவு பெரிய ஓட்டல்ல அடுப்பு இல்லீங்களா என்று கேட்டாள். பக்கத்து ஊட்டுப் பொன்னாயி, அடுப்பு இருக்கும் அக்கா, பத்த வெக்கத்தான் ஆள் இருக்காது என்றாள். பெண்கள் சிரித்த சிரிப்பில் அர்த்தனாரி அய்யா காது சிவந்துபோய் மண்ணைக் கிளறுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

தண்ணீர் விசயத்தில் அவர் சொன்ன ஏற்பாடு சுலபம்தான், மூணாவது வகுப்பு வரைக்கும் படித்த எனக்குப் போய் அதை ரெண்டு தடவை சொன்னார். மூணு நீளப் பாத்தி, ஒவ்வொரு பாத்தியிலும் உருண்டை, நெட்டை, சுருட்டை மூணும். முதல் பாத்திக்குத் தினமும் மண் மிதக்க மிதக்கத் தண்ணீர். நடுப்பாத்திக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு அளவு. கடைசிப் பாத்திக்கு வாடினால் மட்டும் ஒரு செம்பு, செத்துவிடாமல் இருந்தால் போதும். கடைசிப் பாத்தி நன்றாகக் காய வேண்டுமே என்று நானே யோசித்து, வெயில் விழுகிற பாதையோரத்தில், சப்பைப் பாறைக்குப் பக்கத்தில் அதைப் போட்டேன், அது என் சொந்த மூளை, அய்யாகூட அதை மெச்சினார். முதல் பாத்தியைப் பள்ளத்தில் நம் ஓடைப் பக்கத்து வயலிலேயே போட்டு, வாய்க்கால் கீறித் திருப்பிவிட்டேன், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நடுப்பாத்திக்கு நானே குடத்தால் சுமந்து ஊற்றினேன், சந்தை நாள், கோயில் நாள், மிளகு பறிக்கிற நாள், உடம்பு அலுப்பான நாள் இவை தவிர ஒரு நாளும் தவறியதில்லை. கடைசிப் பாத்திக்கு ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை. வாடினால் ஊற்று என்றார், அது வாடவே இல்லையே சாமி, நான் என்ன செய்வேன். தினம் காலையில் போய்ப் பார்ப்பேன், தளதளவென்று நிற்கும், சரி என்று திரும்பி வந்துவிடுவேன்.

தை பிறந்தபோது பார்க்க வேண்டுமே. முதல் பாத்தியில் உருண்டை நெஞ்சுக்குள்ளேயே அழுகிப்போய், மேலே பச்சை, விரலால் அழுத்தினால் உள்ளே கூழ். சுருட்டை வெளுத்து மஞ்சளாகி, ஓடில்லாத நத்தையெல்லாம் ஊர் கூடிக் கிடா விருந்து சாப்பிடுகிற மாதிரி அதில் உட்கார்ந்திருந்தன. நெட்டை மட்டும் உயரமாக வளர்ந்து, வேர் பிடிக்காமல், கள்ளுக் குடித்தவன் மாதிரி பக்கத்துச் செடிமேல் சாய்ந்துகொண்டது. நடுப்பாத்தியில் காய்ச்சலும் குளிரும் மாறி மாறி வந்த பிள்ளை மாதிரி இலை ஓரமெல்லாம் பழுப்பு ஓடிக் கருகியிருந்தது, உருண்டை கட்டுவதற்குள் வெடித்துவிட்டது, சுருட்டை ஒரு நாள் துவண்டு மறுநாள் நிமிர்ந்து எப்படியோ பிழைத்தது, தின்றால் வேப்பங்கொழுந்துதான். அந்த உருண்டையைப் பார்க்கப் பார்க்க எனக்கு நம் குழந்தைசாமி மாமன் ஞாபகம்தான் வந்தது, விருந்தில் கூடப் போட்டாலும் கோபம், குறையப் போட்டாலும் கோபம், கேட்கிற நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டே நின்றால்தான் முகம் மலரும். ஆனால் கடைசிப் பாத்தி, பாதையோரப் பாத்தி, நான் ஒரு சொட்டு ஊற்றாத பாத்தி, அதில் உருண்டை ஒவ்வொன்றும் தவில் அளவுக்கு இருந்தது. சரி, தவில் இல்லை, தேங்காய். இலை கண்ணாடி மாதிரி மின்னியது, ஒடித்தால் நொறுக்கென்று சத்தம், பால் வடிந்தது. நெட்டை விறைத்து நின்றது, நீ சல்யூட் அடித்தால்கூட அப்படி நிற்கமாட்டாய்.

அர்த்தனாரி அய்யா வந்து பார்த்தார். முதல் பாத்தியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார், நடுப்பாத்தியைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார், பாதையோரப் பாத்திக்கு வந்ததும் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். பெரியவரே, இதுக்கு எவ்வளவு ஊத்தினீங்க என்று கேட்டார். ஒரு சொட்டுகூட இல்லீங்க என்றேன், அது உண்மை. அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் வாயைத் திறந்துகொண்டு பார்த்த பார்வை இருக்கிறதே, என்னை யாரும் அப்படிப் பார்த்து வருசக்கணக்காகிறது கண்ணு, நாக்கு நிற்கவில்லை. மார்கழிப் பனியிலேயே வளர்த்தேனுங்க, எங்க மலைப் பனி சாமானியப் பனி இல்லீங்க, விடியக்காலம் வந்து ரெண்டு வார்த்தை பேசிட்டு, மண்ணை இந்தக் கையால தொட்டுட்டுப் போவேன், அவ்வளவுதானுங்க, தண்ணி ஊத்தினா இது கெட்டுப்போகும், பாருங்க அந்த ரெண்டு பாத்தியும் என்ன ஆச்சுன்னு, என்று சொல்லிவிட்டேன். கூடவே நின்ற சின்னக்கண்ணு சிரித்துக்கொண்டிருந்தான். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும், அவன் சிரித்தால் எங்கேயோ யாருக்கோ நட்டம். அர்த்தனாரி அய்யா எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, ரொம்ப சந்தோசம் பெரியவரே, இந்த ஊரு மண்ணுக்கு லெட்டூஸ் போடத் தண்ணியே வேண்டாம்னு தெரிஞ்சுபோச்சு, எதிர்மேட்டுல சின்னக்கண்ணு பாத்தியில நடு அளவு தண்ணி விட்டதுதான் நல்லா வந்திருக்கு, அங்கதான் தண்ணி தேவை, தொட்டியை அங்கேயே எழுதிடறேன் என்றார். சின்னக்கண்ணு அப்போதுதான் வாயைத் திறந்தான். சென்றாயண்ணன் பெரிய மனசுங்க, பனியே போதும்னு சொல்லிட்டாரு, இனிமே அவங்க ஊட்டுல சோறு வடிக்கவும் பனியையே எடுத்துக்குவாங்க என்றான்.

நான் ஊட்டுக்கு வந்து நடந்ததை உன் சின்னம்மாவிடம் சொன்னேன், அய்யா என்னை மெச்சியதிலிருந்து ஆரம்பித்து, தொட்டியைக் கடைசியில் மெதுவாகச் சொன்னேன். களி கிண்டிக்கொண்டிருந்தவள் துடுப்பை அப்படியே விட்டுவிட்டாள். ஒரு சொட்டுகூட ஊத்தலைன்னு சொன்னீங்களா என்று கேட்டாள். ஆமா என்றேன். பாதையோரப் பாத்திக்கா என்றாள். ஆமா என்றேன். ஏனுங்க, அந்தப் பாத்திக்கு நாங்க அத்தனை பொம்பளைகளும் காலையிலயும் சாயங்காலமும் ஊத்திட்டுத்தானே போறோம் என்றாள். எனக்குக் களிச்சட்டி சுற்றியது. கண்ணு, நீ இங்கே வளர்ந்தவன்தான், ஆனால் ஆண்பிள்ளை, ஊத்துப் பாதையில் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று நமக்கு எப்போது தெரிந்தது. நிறைகுடத்தை இறக்கி வைத்து இளைப்பாறினால், அதைத் திரும்பத் தலையில் ஏற்றுமுன் ஒரு கை தண்ணீரை அள்ளிப் பக்கத்தில் இருக்கிற பயிருக்குத் தெளித்துவிட்டுத்தான் ஏற்றுவார்களாம். தாகமாக நிற்கிற பயிர் முன்னால் குடத்தோடு உட்கார்ந்து எழுந்து சும்மா போனால், அந்தக் குடத்துத் தண்ணீர் ஊட்டில் தங்காது என்பது நம்ம பெண்கள் வழக்கம். அவர்கள் இளைப்பாறுகிற சப்பைப் பாறைக்குப் பக்கத்தில்தானே நான் மூளையைச் செலவழித்துக் கடைசிப் பாத்தியைப் போட்டேன். அதுவும் என்ன, நாற்று நட்ட புதிதில் அடித்த மூணு நாள் வெயிலில் அது வாட ஆரம்பித்ததைப் பார்த்து, ஐயோ சென்றாயண்ணன் இதை மறந்தே போய்ட்டாரு பாவம் என்று பொன்னாயி எல்லாரிடமும் சொல்லி வைத்தாளாம். ஒவ்வொரு நடைக்கும் ஒவ்வொருத்தியும் ஒரு கை. வருகிறவளும் போகிறவளுமாக ஊரே சேர்ந்து அதை வளர்த்திருக்கிறது, நான் போய் மண்ணைத் தொட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. முழங்காலுக்குத் தழையைச் சூடு காட்டி ஒத்திக்கொண்டு, தொட்டியா, போனாப் போகுதுங்க, காலு இருக்கிற வரைக்கும் ஏறிக்கிறேன் என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். மறுநாளிலிருந்து எனக்கு லெட்டூஸ்தான் சாப்பாடு. லெட்டூஸ் கடைசல், லெட்டூஸ் புளிக்குழம்பு, லெட்டூஸ் பொரியல். ஒரு கூடை நறுக்கிப் போட்டால் சட்டிக்கு அடியில் ஒரு கரண்டி பச்சைத் தண்ணீராகச் சுருண்டுவிடுகிறது, அதை எனக்கு ஊற்றிவிட்டுத் தனக்கு மட்டும் கருவாடு வைத்துக்கொள்வாள். நடுப்பாத்தி லெட்டூஸாகப் பார்த்துத்தான் பறித்து வருவாள், கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு. எருமைக்குப் போட்டேன், அதுகூட முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தது.

அர்த்தனாரி அய்யா எதிர்மேட்டுக் கணக்கெல்லாம் முடித்துக்கொண்டு மலை இறங்குகிற நாள் வந்தது. அவர் இறங்கிப் போய் எழுதிவிட்டால் அவ்வளவுதான், அதற்குப் பிறகு கவர்னர் வந்தாலும் மாற்ற முடியாது. அவர் சப்பைப் பாறை வழியாகத்தான் போயாக வேண்டும். ஊர்க்கவுண்டர், சின்னக்கண்ணு, கூட ஒரு கூட்டம். பெண்கள் நிறைகுடத்தோடு ஏறி வந்துகொண்டிருந்தார்கள். அப்போது உன் சித்தப்பன் என்ன செய்தேன் தெரியுமா. துண்டை இடுப்பில் கட்டினேன். கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடுவில் போய் நின்றேன். எல்லாரும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். அய்யா, இந்தப் பாத்திக்குத் தண்ணி இல்லைன்னு சொன்னது பொய்யிங்க, இது பனியில வளரலீங்க, எங்க பொம்பளைங்க தலையில வந்த தண்ணியில வளந்ததுங்க, ஒரு கை ஒரு கையா எத்தனை குடம் ஆச்சுன்னு நீங்களே கூட்டிப் பாருங்க, ஏமாத்தணும்னு யாரும் ஊத்தலீங்க, வாடின பயிரைத் தாண்டிப் போக எங்களுக்குத் தெரியாதுங்க, அவ்வளவுதான், என்றேன். சின்னக்கண்ணு குறுக்கே புகுந்து, இன்னிக்கு ஒரு பேச்சு நாளைக்கு ஒரு பேச்சா என்றான். பேசறவங்க பேச்சை விடுங்க, இதைப் பாருங்க அய்யா என்று சொல்லி, உன் சின்னம்மாவை முன்னால் அழைத்து, சும்மாட்டை எடுத்துவிட்டுத் தலையைக் குனிந்து காட்டச் சொன்னேன். அவள் குனிந்து காட்டினாள். உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு முடி இல்லை கண்ணு, குடம் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்து போன இடம். தொட்டி வேண்டாத ஊரு தலை இப்படி இருக்குமாங்க என்று கேட்டேன். சின்னக்கண்ணுவே தரையைப் பார்த்தான், அவனுக்கும் ஊட்டில் ஒருத்தி இருக்கிறாள் அல்லவா.

ஆனால் அய்யா படித்தவர், சொன்னதை வைத்து மட்டும் எழுதமாட்டார். சரிம்மா, நான் இன்னும் சில நாள் பள்ளிக்கூடத்துலயே தங்கறேன், அதுவரைக்கும் யாரும் இந்தப் பாத்திக்கு ஒரு துளி தெளிக்கக் கூடாது, பார்ப்போம் என்றார். பெண்களுக்கு அது பெரிய சோதனையாகப் போய்விட்டது, பொன்னாயி குடத்தை இறக்காமல் மூச்சிரைக்க ஓடியே போனாள், இறக்கினா கை தானா போவுது அக்கா என்றாள். வெயில் நன்றாகக் காய்ந்தது. முதலில் உருண்டை முகத்தைத் தொங்கப் போட்டது, வெளி இலையெல்லாம் தரையில் சாய்ந்தது. அடுத்து சுருட்டை துவண்டது. நெட்டை கடைசி வரைக்கும் பிடிவாதமாக நின்று, நடுவில் பூத்தண்டு விடப் பார்த்தது, அப்படி விட்டால் இலை கசந்துவிடும் என்று அய்யா சொன்னார். அப்புறம் அவரே பெண்களைக் கூப்பிட்டு, இனி உங்க வழக்கப்படி ஊத்துங்கம்மா என்றார். காலையில் ஒரு கை, சாயங்காலம் ஒரு கை, சுருட்டை உடனே எழுந்தது, நெட்டை நிமிர்ந்தது, உருண்டை மட்டும் குழந்தைசாமி மாமன் மாதிரி கொஞ்சம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டுச் சமாதானம் ஆனது. அர்த்தனாரி அய்யா தொடையில் தட்டிக்கொண்டார். இதுக்கு வேர் மேலாப்புல இருக்கு, ஒரேயடியா ஊத்தினா மூச்சு முட்டும், விட்டு விட்டு ஊத்தினாக் கருகும், கொஞ்சமா அடிக்கடி வேணும், அதுக்குத் தண்ணி கைக்கு எட்டற தூரத்துல இருந்தாத்தான் முடியும், தொட்டி இங்கதான் வரணும் என்றார். எதிர்மேட்டில் ஊடுகளுக்குப் பின்னாலேயே ஊத்து ஓடுகிறதை அவரே போய்ப் பார்த்தும் விட்டார். நம்ம வாசலுக்கு எதிரே சுண்ணாம்புக் கோடு போட்டாகிவிட்டது. சிமெண்டு மூட்டை முள்ளுக்குறிச்சியில் வந்து இறங்கிவிட்டதாம், மேலே வரத் தலைச்சுமைதான், ஆண்பிள்ளைகள்தான் சுமக்க வேண்டும் என்று உன் சின்னம்மா ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிட்டாள். என் பேரை முதலில் சொன்னாள். இந்தத் தடவை நான் கொசுகூட ஓட்டவில்லை.

மற்றபடி ஊர்ச் செய்தி. பொன்னாயி மகளுக்கு முள்ளுக்குறிச்சியில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள், பையன் லாரியில் கிளீனர், நல்ல உயரம், காது மட்டும் கொஞ்சம் பெரிசு. மிளகு இந்த வருசம் சுமார். கூரை மேற்குப் பக்கம் ஒழுகுகிறது, மழைக்குள் மாற்றிவிடுவேன், சின்னம்மா போன வருசமும் இதையே எழுதினீங்க என்கிறாள். நீ அங்கே கம்பளிச் சட்டையைக் கழற்றாதே. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, அங்கே நல்லெண்ணெய் கிடைக்காவிட்டால் கடுகெண்ணெய் தேய்த்துக்கொள்கிறார்களாமே, வாசனை பொறுத்துக்கொள். பச்சை இலை ஏதாவது தட்டில் வைத்தால் கழுவியிருக்கிறதா என்று பார்த்துத் தின்னு, அது லெட்டூஸாக இருந்தால் எந்தத் தினுசு என்று பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல், சித்தப்பன் பேர் வைத்தது என்றும் சொல்.

இவ்வளவையும் எழுதி முடித்து, உன் சின்னம்மாவுக்கு ஒரு தரம் படித்துக் காட்டினேன். சாமையில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போன இடம் வந்ததும் அவள் கை நின்றது. மறுத்து ஏதோ சொல்லப்போகிறாள் என்று நானும் பதிலோடு தயாராக இருந்தேன். அவள் சிரித்துவிட்டு, நல்லாத்தான் எழுதியிருக்கீங்க, நீங்க பேசினதாவே இருக்கட்டும், புள்ள அத்தனை தூரத்துல இருக்கான், எனக்காகச் சித்தப்பன் எழுந்து பேசினாருன்னு நெனச்சா அவனுக்கு நிம்மதியா இருக்கும் என்றாள். சொல்லிவிட்டு மறுபடி கல் பொறுக்க ஆரம்பித்துவிட்டாள். கண்ணு, என்னைப் பொய்யன் என்று இந்த மலையில் சொல்லாதவர்கள் இல்லை, அதற்கெல்லாம் என் பேனா ஒரு நாளும் நின்றதில்லை. இதற்கு நின்றுவிட்டது. ஆகவே ஒன்றை மட்டும் திருத்தி எழுதுகிறேன், மற்றதெல்லாம் எழுதியபடியே இருக்கட்டும். அன்றைக்குப் பேசியது நான் இல்லை. அய்யா வருகிறார் என்று கேட்டதும் நான் பலாமரத்துக்குப் பின்னால் போய்விட்டேன், கட்டெறும்பு காலெல்லாம் ஏறிக் கடித்தும் அசையவில்லை. முன்னால் போய் நின்றவள் அவள், சின்னக்கண்ணுவுக்குப் பதில் சொன்னவள் அவள், யாரும் சொல்லாமலேயே சும்மாட்டை எடுத்துவிட்டு அத்தனை ஆண்பிள்ளைகளுக்கு நடுவே தலையைக் குனிந்து காட்டியவளும் அவள்தான். அவள் உச்சந்தலை அப்படி ஆகியிருக்கிறது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும், அதுவும் மரத்துக்குப் பின்னாலிருந்து. துண்டை இடுப்பில் கட்டினேன் என்று எழுதியது மட்டும் நிஜம், அங்கே நின்றுதான் கட்டினேன்.

நோயில்லாமல், நொடியில்லாமல், போன காலோடு திரும்பி வந்து இந்த வாசலில் கை கழுவ எங்கள் ரெண்டு பேர் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. பதில் காயிதத்தை என் பேருக்கு எழுதாதே, சின்னம்மா பேருக்கு எழுது, நான் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
மரத்துக்குப் பின்னால் நின்றாலும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்த
உன் சித்தப்பன்
சென்றாயன்